செல்ஃப் எடுக்காத காரும் கடைசியில் ஏறுகிறவளும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிரிப்பிலிருந்து கிடைத்தது. நல்ல சிரிப்பு இல்லை.

திண்டுக்கல்லில் பழனி ரோட்டோரம் ஒரு ஒர்க்‌ஷாப். நான் வந்த பஸ் பஞ்சராகி நின்றுவிட்டதால் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பழைய பிளசர் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. “என்னப்பா கோளாறு?” என்று எவரோ கேட்டார். “வண்டியில ஒரு கோளாறும் இல்லண்ணே. அந்த வீட்டுல தாலியறுத்த தங்கச்சி ஒண்ணு இருக்கு. அது ஏறுனா செல்ஃப் எடுக்காது, எறங்குனா எடுக்கும்” என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஸ்பேனர் பிடித்தவர் சிரித்தார், டீ ஊற்றியவர் சிரித்தார், பஞ்சர் ஒட்ட வந்தவர்கூட வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கோபத்தில் எழுதினால் கதை ஆகாது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆகாமல் போகட்டுமே, இப்போது என்ன குடிமுழுகிவிட்டது?

காதில் விழுந்தது அவ்வளவுதான். மீதியை விசாரித்தும் இட்டுக்கட்டியும் சேர்த்தேன். பெயர்களெல்லாம் நான் வைத்தவை.

2

முதல் தொடக்கம்: ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம் ஆவணி மாதத்தில், சிறுமலையிலிருந்து இளங்காற்று மெல்ல வீசிக்கொண்டிருந்த ஒரு —’

[நிறுத்திவிட்டேன். ஒருத்தியைக் காரைவிட்டு இறக்கிவிடப் போகிறார்கள். அதற்கு மலைக்காற்று எதற்கு?]

இரண்டாம் தொடக்கம்: ‘பழனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு —’

[இதுவும் வேண்டாம். அவள் அழவில்லை. அழுதால் உங்களுக்கு வசதி. நீங்களும் இரண்டு சொட்டு விட்டுவிட்டு, பாவம் என்று சொல்லிவிட்டு, சாப்பிடப் போய்விடுவீர்கள்.]

மூன்றாவதாகக் காரிலிருந்தே தொடங்குகிறேன். சோலைமலை, திண்டுக்கல்லில் பூ கமிஷன் கடைக்காரர். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடமிருந்து பழைய இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கினார். (எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். அவர்கள் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள்.) ஓட்டுவதற்கு ராமர் என்கிற டிரைவர். முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் சோலைமலை. பின்சீட்டில் அவர் மனைவி கருப்பம்மாள், பக்கத்தில் பூக்கூடை. கார் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு தங்கச்சி வந்தாள். பழனியம்மாளை நத்தத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புளி உலுக்க மரமேறிய புருசன் விழுந்து செத்துப்போனார். மகள் அய்யம்மாளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அன்றிலிருந்து அந்த வீட்டுக்கும் கடையாட்களுக்கும் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எழுதுவதற்கு ஒரு வரி. பொங்குவதற்கு ஒரு ஆயுள்.

சின்னாளபட்டியில் ஒரு காதுகுத்து. எல்லோரும் காரில் ஏறி உட்கார்ந்தார்கள். ராமர் செல்ஃப் பட்டனை அமுக்கினார். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி அமுக்கினார். மறுபடியும் டக்.

“செத்த எறங்குங்க, பாப்போம்” என்றார். கதவோரம் உட்கார்ந்திருந்தவள் பழனியம்மாள். முதலில் அவள்தான் இறங்கினாள். ராமர் எரிச்சலில் சும்மா ஒரு அமுக்கு அமுக்க, என்ஜின் உறுமிக்கொண்டு எடுத்துவிட்டது. ஓடுகிற என்ஜினோடு அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

திரும்பி வரும்போதும் அப்படியே. அடுத்து ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனபோதும் அப்படியே. அவள் ஏறினால் டக், இறங்கினால் உறுமல். ஒருமுறை அவளை இறக்காமல், காரின் முன்னால் ஹேண்டில் போட்டு என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தார் ராமர். ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கிப்போனது. அந்த வீக்கமும் அவள் கணக்கில்தான் ஏறியது.

3

இங்கே கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் மோட்டார் சங்கதி பேச வேண்டும். பிடிக்காதவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவலாம். தாவினால் நஷ்டம் உங்களுக்கு.

செல்ஃப் எடுக்காத வண்டியில் கோளாறு தேட ஒரு முறை இருக்கிறது. மெக்கானிக் ஞானதாஸ் அதைச் சோலைமலையிடம் இப்படிச் சொன்னாராம்:

“முன்லைட்டைப் போட்டுக்கிட்டு பட்டனை அமுக்கணும் மொதலாளி. லைட்டு மங்கி மோட்டாரும் சுத்தலைன்னா, பேட்டரியில சத்து இல்ல, இல்லாட்டி மோட்டாரு பல்லு மாட்டிக்கிட்டு நிக்கிது. லைட்டு மங்காம அப்படியே எரிஞ்சா, மோட்டாருக்குக் கரண்டே போகல, சுவிட்சைப் பாக்கணும். லைட்டு சுத்தமா அவிஞ்சுபோச்சுன்னா, பேட்டரி வயரு எங்கயோ பிடிமானம் இல்லாம கெடக்கு.”

அருமையான முறை. நூற்றுக்கு நூறு சரி. ஞானதாஸ் அதன்படியே செய்தார். கொட்டகையில் நிறுத்தி, லைட்டைப் போட்டு, பட்டனை அமுக்கினார். மோட்டார் ஜம்மென்று சுற்றியது. இருந்தாலும் விடவில்லை மனுசர். மோட்டாரைக் கழற்றினார், உள்ளே கார்பன் பிரஷ்ஷை மாற்றினார், சுவிட்சை மாற்றினார், லைட் பளிச்சென்று எரிந்ததால் பேட்டரியை மட்டும் தொடவில்லை. கார் வீட்டுக்கு வந்தது. பழனியம்மாள் ஏறினாள். டக்.

ஆக, மோட்டார் நல்ல மோட்டார். சுவிட்ச் நல்ல சுவிட்ச். பேட்டரி நல்ல பேட்டரி. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் மிச்சம் நின்றது ஒரு பொம்பளை. அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் கருப்பம்மாள்.

“நானும் பாத்துக்கிட்டுத்தான் வாரேன். நம்ம காரு வாங்குன நாள்ல இருந்து மக்கர் பண்ணுச்சா? இவ கால் எடுத்து வச்சா நிக்கிது. எறங்குனா ஓடுது. இதுக்கு மேல சாமி வந்து சொல்லணுமாக்கும்?”

சோலைமலை மறுத்துப் பேசவில்லை. ஞானதாஸும் மறுக்கவில்லை. தன் வேலையில் குறையில்லை என்று ஆகிவிட்டது, அவருக்கு அது போதும். அந்த ஊரில் எந்த மெக்கானிக்கும் அதுவரை பில் போட முடியாத பாகம் ஒன்று கிடைத்துவிட்டது.*

(* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஏறினால் நிற்கிறது, இறங்கினால் ஓடுகிறது. திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார்கள். கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். என் ஆத்திரமே அதில்தான். ஒரே ஒரு சோதனையை மட்டும் அவர்கள் செய்யவில்லை. அதைச் செய்ய அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. ஏன் என்று சொல்கிறேன்.)

4

துப்பறியும் கதை எழுதுகிறவன் இதைக் கடைசிவரை ஒளித்து வைப்பான். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இப்போதே உடைத்துவிடுகிறேன்.

அந்தக் காரில் பேட்டரி முன்னால் இல்லை. பின்சீட்டுக்கு அடியில், இடது ஓரத்தில் இருந்தது. எஸ்டேட்காரர் போட்டிருந்த பேட்டரி செத்துப்போனதும், சோலைமலை உள்ளூரில் கட்டிய பேட்டரி ஒன்றை வாங்கிப் போட்டார். அது பழையதைவிட ஒரு விரல்கடை உயரம். அதன் தலையில் பூட்டிய வயரின் மாட்டி, அதுதான் கிளாம்ப், சரியாக இறுகவில்லை. இடது ஓரத்தில் ஆள் உட்கார்ந்தால் சீட்டின் ஸ்பிரிங் கீழே இறங்கி வயரை நெட்டித் தள்ளும், மாட்டி நெகிழும். லைட் எரியும் அளவுக்குக் கரண்டு வரும், செல்ஃபுக்குப் போதாது. ஆள் எழுந்தால் மாட்டி பழையபடி உட்கார்ந்துகொள்ளும். இவ்வளவுதான் சங்கதி. ஒரு ஸ்பேனர் திருகு.

அந்த ஓரத்தில் வேறு யாரும் உட்காரவில்லையா என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது தாலியறுத்தவள் முதலில் வண்டியேறக் கூடாது. சுமங்கலி முதலில் ஏற வேண்டும். நம் ரோட்டில் கார் நின்றால் இடது பக்கக் கதவுதான் வீட்டைப் பார்த்து இருக்கும். முதலில் ஏறியவள் நகர்ந்து நகர்ந்து வலது ஓரத்துக்குப் போவாள். அடுத்து பிள்ளைகள், பூக்கூடை. கடைசியில் ஏறுகிறவளுக்கு இடது ஓரம். கருப்பம்மாள் தனியாகப் போகும்போதும் பழக்கப்படி வலது ஓரத்துக்கே போய்விடுவாள், இடது ஓரத்தில் கூடை இருக்கும். பூவுக்கு ஏது கனம்?

அவளை ராசியில்லாதவள் என்று கடைசியில் ஏற்றினார்கள். கடைசியில் ஏறியதால் பேட்டரிமேல் உட்கார்ந்தாள். பேட்டரிமேல் உட்கார்ந்ததால் கார் நின்றது. கார் நின்றதால் ராசியில்லாதவள் என்றார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் தூக்கி ஒருத்தி தலையிலேயே வைத்துவிட்டார்கள்.

5

பழனியம்மாளை எழுதுவதில் எனக்குச் சிக்கல் இருந்தது. முதல் பிரதியில் அவளுக்கு மோட்டார் வேலை தெரியும் என்று வைத்தேன். நத்தத்தில் அவள் புருசன் லாரி டிரைவர், அவரிடம் கேட்டுக் கேட்டு —

[அடித்துவிட்டேன். அவள் கெட்டிக்காரியாக இருந்தால்தான் உங்களுக்கு அவள்மேல் இரக்கம் வருமா? ஒன்றும் தெரியாதவளாகவே இருக்கட்டும். ஒன்றும் தெரியாதவளுக்கு நியாயம் கிடையாதா?]

அவளுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பூசணிக்காயில் எது முற்றல் என்று தட்டிப் பார்த்துச் சொல்வாள், அவ்வளவுதான். தன்னைப் பற்றி மற்றவர்கள் சொன்னதை அவளே பாதி நம்பவும் செய்தாள். கார் வாசலுக்கு வந்து நின்றால் அதன் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாகப் போவாள்.

அய்யம்மாளுக்குத் தொப்பம்பட்டிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. தோட்டம், கிணறு, நல்ல குடும்பம். மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம். பொண்ணை முந்தின நாள் மத்தியானம் காரில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஏற்பாட்டைச் சொல்லச் சோலைமலை அடுப்படிக்கே வந்தார்.

“ஏத்தா பழனி, நீ நாளன்னைக்குப் பஸ்ஸுல வந்து சேரு. தாலி கட்டி முடிச்சப்பெறகு மத்தியானத்துக்கு மேல வந்தாப் போதும்.”

சோற்றுக்கு வெஞ்சனம் கிளறிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள்.

“எம்மகளுக்குத் தாலி கட்டுறதை நான் பாக்க வேணாமாண்ணே?”

“பாக்க வேணாம்னு சொல்வேனா? காரு ராசிதான் ஒனக்கே தெரியுமே. பொண்ணு வண்டி பாதியில நின்னா அபசகுனமாப் போயிரும். காரு மட்டும் ஒழுங்கா இருந்தா ஒன்னைய விட்டுட்டுப் போவேனா?”

“அப்ப இன்னைக்கே பஸ்ஸுல முன்னாடி போயிர்றேன். நத்தத்துல இருந்து இங்க வாரதுக்குள்ள அந்தப் பஸ்ஸுல எத்தனை தாலியறுத்தவ ஏறி எறங்குறா? எந்தப் பஸ்ஸு நின்னுச்சு?”

“எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசாத” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கேட்டது அவளுக்கே நியாயமாகப் பட்டது. அட, ஆமாம், எந்தப் பஸ்ஸும் நிற்கவில்லையே என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வெஞ்சனம் அடிப்பிடித்துவிட்டது.

6

பொண்ணைக் கூட்டிப்போக மாப்பிள்ளையின் தாய்மாமா நல்லுசாமி தொப்பம்பட்டியிலிருந்து வந்திருந்தார். கார் வாசலில் நின்றது. முன்னால் ராமர், சோலைமலை, நல்லுசாமி. பின்னால் சுமங்கலியான கருப்பம்மாள் முதலில் ஏறி வலது ஓரத்துக்குப் போனாள். பொண்ணைக் கைபிடித்து உள்ளே வாங்கினாள். பொண்ணுக்குப் பட்டுச்சேலை கசங்கக் கூடாது என்று இடது ஓரத்தில் தாராளமாக உட்கார வைத்தாள். நடுவில் ஒரு ஆள் இடம் காலி. பழனியம்மாள் வாசல்பக்கம் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு. அவள் உள்ளே சன்னலோரம் நின்றாள்.

ராமர் பட்டனை அமுக்கினார். டக்.

‘நான் ஏறவே இல்லையே’ என்றுதான் சன்னலில் நின்றவள் முதலில் நினைத்தாள். அடுத்து, வெட்கம்கெட்டுப்போய், கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

“ஏனுங்க, என்னங்க இது? பொண்ணு ஏறி உக்காந்ததும் வண்டி நின்னுபோச்சுங்க?” என்றார் நல்லுசாமி.

“ஒண்ணும் இல்லங்க. ஏத்தா அய்யம்மா, செத்த எறங்கு” என்றார் சோலைமலை. அய்யம்மாள் மாலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ராமர் அமுக்கினார். என்ஜின் எடுத்துவிட்டது. ராமர் பயந்துபோய் உடனே அணைத்துவிட்டார்.

நல்லுசாமியின் முகம் கறுத்தது. “தப்பா நெனைச்சுக்காதீங்க. எங்கூட்டுல கொஞ்சம் சகுனம் பாக்கறவங்களுங்க. எதுக்கும் ஊருக்குப் போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றனுங்களே.”

காருக்குள்ளிருந்து கருப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாக!”

அந்த வார்த்தைதான் சன்னலைத் தாண்டி உள்ளே வந்தது. பழனியம்மாள் வாசலைக் கடந்து நேரே காரின் முன்னால் வந்து நின்றாள்.

“என்னையச் சொன்னீக, வாயை மூடிக்கிட்டுக் கெடந்தேன். எம்புள்ளையச் சொன்னா நாக்கை இழுத்துவச்சு அறுத்துப்புடுவேன்! மதினி, நானும் எம்மகளும் உக்காந்த இந்த ஓரத்துக்கு நகந்து வாங்க.”

“நான் எதுக்கு வரணும்?”

“ஏன், பயமா இருக்கோ? நாங்கதான ராசிகெட்ட ஆளுக. நீங்க உக்காந்தா எடுக்கணும்ல, வாங்க!”

நல்லுசாமி பார்த்துக்கொண்டிருந்தார். ராமர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்க வழியில்லாமல் கருப்பம்மாள் நகர்ந்து இடது ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அமுக்குங்க ராமரண்ணே.”

டக்.

“இன்னொருக்கா அமுக்குங்க!”

டக்.

“இப்பச் சொல்லுங்க. மதினி கழுத்துல தாலி இருக்குல்ல? எங்கண்ணன் குத்துக்கல்லு கணக்கா முன்னால உக்காந்திருக்காருல்ல? பெறகு ஏன் எடுக்கல? இப்ப யாரு இங்க தாலியறுத்தவ? சொல்லுங்கய்யா!”

கருப்பம்மாளின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போய்த் தாலியைத் தொட்டுப் பார்த்தது.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஆளுல ஒண்ணும் இல்ல. அந்த ஓரத்துலதான் என்னமோ இருக்கு. சீட்டைத் தூக்கிப் பாருங்க.”

ராமர் சீட்டைத் தூக்கினார். ஸ்பிரிங் உரசி உரசி வயரின் தோல் உரிந்து கிடந்தது. மாட்டியைத் தொட்டதும் ஆடும் பல் மாதிரி அசைந்தது. “அட எழவே” என்றார். ஸ்பேனர் எடுத்து இறுக்கினார், ஸ்பிரிங்கை வளைத்து ஓரம்கட்டினார், சீட்டைப் போட்டார். கருப்பம்மாளையே திரும்ப உட்காரவைத்து அமுக்கினார். தொட்டதும் எடுத்தது.

[இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். எனக்கும் நல்ல பெயர் கிடைக்கும். பொறுங்கள்.]

7

நல்லுசாமி சிரித்தார். “வயருதானுங்களா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டனுங்க. பொண்ணை ஏறச் சொல்லுங்க, நேரமாவுது.” சகுனம் அவர் மனசைவிட்டுப் போய்விட்டது. அய்யம்மாள் தப்பித்தாள். அந்த அளவில் எனக்கும் நிம்மதிதான்.

பழனியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அண்ணே, காருல கோளாறு இல்ல. நடுவுல எடம் இருக்கு.”

சோலைமலை தங்கச்சியைப் பார்த்தார். கெட்டவர் என்று அவரை எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது, ஆனால் அவர் கண் கலங்கித்தான் இருந்தது.

“நெசந்தான் ஆத்தா. இம்புட்டு நாளா ஒன்மேல வீண்பழி போட்டுட்டோம். ஒத்துக்கிறேன். இருந்தாலும்…” என்று இழுத்தார். “காரைச் சொல்லல. பொதுவாச் சொல்றேன். நல்ல காரியம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். எதுக்கு வம்பு? நாளைக்கு மத்தியானமா வா, என்ன?”

பார்த்தீர்களா! மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார்கள், சுவிட்சைக் கழற்றிப் பார்த்தார்கள், கடைசியில் சீட்டையே தூக்கிப் பார்த்தார்கள். கோளாறு இன்னது என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ‘இருந்தாலும்’ என்கிறார் மனுசர். இதை எந்த ஸ்பேனரால் இறுக்குவது?

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அய்யம்மாள் காரைவிட்டு இறங்கி, ‘எங்கம்மா இல்லாம எனக்குக் கல்யாணமே வேணாம்’ என்கிறாள். எழுதும்போது உடம்பு சிலிர்த்தது. ஆனால் மாமன் முன்னால் தலை நிமிர்ந்து பேசியறியாத பிள்ளை அவள். அவள் இறங்கி, கல்யாணம் நின்றுபோனால் யார் ராசி என்பார்கள்? கிழித்துவிட்டேன்.

(ஆ) பழனியம்மாள் யாரையும் கேட்காமல் ஏறி நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் கார் தொப்பம்பட்டிக்குப் போய்ச் சேருமே. அங்கே பந்தலில் எவளாவது வந்து, ‘நீங்க செத்த உள்ள இருங்கக்கா’ என்பாளே. அதையும் நான்தானே எழுத வேண்டும்?

(இ) கார் போய்விடுகிறது. அவள் அடுப்படிக்குத் திரும்பி, கடையாட்களுக்கு உலை —

முடியவில்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன். எழுத வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் இந்த முடிவு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஊரைச் சொல்லாதீர்கள், காலத்தைச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். அதிலும் புருசனை இழந்த ஒரு அத்தையோ சித்தியோ, ஏன், பெற்ற தாயோ இருந்திருப்பாள். கெட்டிமேளம் கொட்டியபோது அவள் எங்கே நின்றாள்?

நன்றாக யோசியுங்கள். அங்கேதான் பழனியம்மாளும் நின்றாள்.